ஓலை இல்லாத பனை

உம்மு ஹபீபா மாமி நயா பைசாவை நம்பவே இல்லை. அரசாங்கம் அதை வெளியிட்டு இரண்டு வருடம் ஆன பிறகும் மீன்காரி மிச்சமாக அதைக் கொடுத்தால், மாமி அதைக் கொல்லைப்படிக் கல்லில் போட்டுப் பார்ப்பார். "சத்தமே வரலையே, இதெல்லாம் ஒரு காசா?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, அதற்கு ஈடாக இன்னும் நாலு சாளை மீனை அள்ளிக்கொள்வார். மீன்காரிக்கும் அது பழகிப்போய்விட்டது. மாமி வீட்டுக்கென்று நாலு மீனைத் தனியாகவே வைத்திருப்பாள்.

மாமி என் வாப்பாவின் அக்கா. மாமா வாவு முகம்மது கொழும்பில் ரத்தினக் கல் வியாபாரம் பார்த்தார். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வந்து, பீங்கான் கோப்பைகளையும் வாசனைச் சோப்புகளையும் இறக்கிவிட்டுக் கப்பலேறிவிடுவார். பிள்ளை இல்லை. பிள்ளை இல்லாத குறையை மாமி எங்கள் தெருப் பிள்ளைகளை எல்லாம் ஏசித் தீர்த்துக்கொண்டார். கீழக்கரையில் எங்கள் தெருவில் மாமியிடம் ஏச்சு வாங்காமல் வளர்ந்த பெண் யாரும் கிடையாது. அவர் கைக்காவலில் இருந்த காசுமாலையைப் போடாமல் நிக்காஹ் முடிந்த பெண்ணும் கிடையாது.

அந்த மாலை மாமிக்கு அவர் மாமியார் கொடுத்தது. மாமியாருக்கு அவர் மாமியார் கொடுத்தது. பெரிய வீட்டுப் பெண்ணோ, தோணியில் பாய் இழுப்பவர் மகளோ, தெருவில் யாருக்கு நிக்காஹ் என்றாலும் அந்த மாலை பெண்ணின் கழுத்தில் ஏறும். மூன்றாம் நாள் மாமியின் பெட்டிக்குத் திரும்பும். காசுகள் எல்லாம் ஒரே சாயல். ஒரு பக்கம் பனைமரம், அதன் அடியில் ஏறத் தயாராக ஒருவன், பக்கத்தில் இன்னொருவன் நின்றுகொண்டு அவனுக்கு ஏதோ சொல்வது போலிருக்கும். மறுபக்கம் முட்டை வடிவக் கட்டத்துக்குள் ஓர் ஆள். சீமையிலிருந்து அந்தக் காலத்துக் கப்பலில் வந்த பழங்காசு என்று சொல்வார்கள். எங்கள் கரையில் எல்லாரும் அதைப் பனைமரக் காசு என்பார்கள். காசின் ஓரத்தைச் சுற்றி இருந்த கீறல்களை மாமி துஆ என்று சொல்லிவந்தார். "சுத்தி துஆ எழுதியிருக்கு, பயப்படாமப் போட்டுக்க" என்று ஒவ்வொரு மணப்பெண்ணிடமும் சொல்வார். உருவம் பொறித்த காசில் துஆவை எவன் எழுதுவான் என்று கேட்கும் தைரியம் யாருக்கும் இருந்ததில்லை. தொழும்போது மட்டும் மாலையைக் கழற்றி வைக்கச் சொல்வார்.

இப்படி ஒரு மாலை கையில் இருந்ததாலேயே மாமிக்கு ஒரு பதவி வந்துவிட்டது. எங்கள் பெண்கள் கடைவீதிக்குப் போவதில்லை. பழங்காசு, பழைய நகை விற்க வருகிறவர்கள் பெண்கள் நடமாடும் முடுக்குச் சந்துக்குள்ளும் வர முடியாது. அவர்கள் மாமி வீட்டுக் கொல்லைக் கதவுக்கு வெளியே நிற்பார்கள். திரைக்கு இந்தப் பக்கம் மாமி. நடுவில் ஒரு பித்தளைத் தட்டு போய்வரும். கல்யாணமாகிப் பக்கத்து வீட்டிலேயே குடியிருந்த நான்தான் தட்டைத் தூக்குகிறவள். மாமி பார்த்துச் சரி என்று சொன்னால்தான் எங்கள் தெருவில் யாரும் வாங்குவார்கள்.

முதலில் காசைப் பார்க்க மாட்டார். "இது எப்படி உங்க கைக்கு வந்துச்சு?" என்று கேட்டுவிட்டுக் காதைத் திரையோரம் வைப்பார். கதை நீளமாக இருந்தால் காசு போலி என்பது அவர் கட்சி. மழையில் மண் கரைந்து, மாடு குளம்பால் கிளறி, கனவில் அவுலியா வந்து சொல்லி என்று ஒருவன் ஆரம்பித்தால், "தட்டைத் திருப்பிக் குடு நஃபீசா" என்பார். கதை தேறினால் அடுத்தது, காசு தட்டில் விழும் சத்தம். அப்புறம் சின்னத் தராசு. அப்புறம் உரைகல்லில் ஒரு இழுப்பு, பக்கத்தில் தன் பவுன் காசால் ஒரு இழுப்பு. இவை எல்லாவற்றிலும் தேறினாலும் கடைசித் தீர்ப்பு மாலைதான். மாலையை மடியில் வைத்துக்கொண்டு, வந்த காசையும் மாலைக் காசையும் மாற்றி மாற்றிப் பார்ப்பார். மாலைக் காசு போல் இருந்தால் அசல். இல்லாவிட்டால் போலி. உரசிப் பார்க்காத நகையே கிடையாது என்று பேரெடுத்த மாமி, அந்த மாலையை மட்டும் ஒரு நாளும் உரைகல்லில் வைத்ததில்லை. அளக்கிற படியையே யார் அளந்து பார்க்கிறார்கள்?

ஒரு தடவை சாயல்குடியிலிருந்து கருப்பட்டி கொண்டுவரும் கூத்தையா, மாமனார் வீட்டில் கொடுத்த காசு என்று ஒன்றைக் கொண்டுவந்தார். எல்லாம் தேறியது. ஆனால் பனையில் ஓலை இல்லை. வெறும் கம்பாக நின்றது.

"ஓலை இல்லாத பனை எங்கயாச்சும் உண்டா? இது போலி" என்றார் மாமி.

"அம்மா, நானே பனையேறி. அந்த ஆளு மண்டி போட்டுல்ல இருக்கான். எவன் மரத்துக்கு முன்னால மண்டி போடுவான்? இது பனையே இல்லம்மா" என்றார் கூத்தையா.

"உனக்குக் கருப்பட்டி தெரியும். எனக்குக் காசு தெரியும்."

அதற்குப் பிறகு ஒரு மாதம் எங்கள் வீடுகளில் சீனி போட்டுத் தேத்தண்ணி குடித்தோம். கூத்தையாவிடம் கருப்பட்டி வாங்கக் கூடாது என்பது மாமியின் உத்தரவு.

தான் தப்பு என்று மாமி ஒப்புக்கொண்டதாக எங்கள் தெருவின் சரித்திரத்தில் இல்லை. அதற்கு என் உம்மாவே சாட்சி. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மாமியின் பித்தளைக் கரண்டி ஒன்று காணாமல் போனது. அன்று சோறாக்க ஒத்தாசைக்கு வந்தவர் உம்மா. எனவே மதினிதான் எடுத்தாள் என்று மாமி முடிவு செய்துவிட்டார். நேரில் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் உம்மா வரும்போதெல்லாம் கரண்டிகளை எண்ணி வைப்பார். உம்மாவுக்கு அது முள்ளாகக் குத்தும். ஒன்றும் பேசாமல் வந்துவிடுவார்.

கதைக்கு வருகிறேன். தோணிக்காரர் மதார் மகள் லத்தீபாவுக்குப் பெரியபட்டினத்தில் மாப்பிள்ளை அமைந்தது. நல்ல இடம். மதாரிடம் மகளுக்குப் போட ஒரு சோடித் தோடு இருந்தது, அவ்வளவுதான். "எங்க தெருப் பொண்ணு வெறுங்கழுத்தாப் போனதா ஒரு சொல்லு வராது" என்று மாமி வாக்குக் கொடுத்துவிட்டார். பெரியபட்டினத்து மாமியாரும் காசுமாலை பற்றிக் கேள்விப்பட்டு, "அந்த மாலையில பொண்ணைப் பார்க்கணும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

நிக்காஹுக்குப் பத்து நாள் இருக்கும்போது மாமி மாலையை எடுத்துக் கிணற்றடியில் பூந்திக்கொட்டை ஊறவைத்த தண்ணீரில் கழுவினார். தேய்ந்துபோன வளையம் ஒன்று விட்டுவிட்டது. காசு துள்ளிக் கிணற்றுக்குள் விழுந்தது. ஓரத்துக் காசாக இருந்தால் மற்றதை இழுத்துக் கட்டிச் சமாளித்திருக்கலாம். விழுந்தது நடுக்காசு. பல்லுப் போன வாய் மாதிரி மாலை சிரித்தது.

சங்கு குளிக்கப் போகும் சுஐபுவைக் கூப்பிட்டுக் கிணற்றில் இறக்கினோம். பெண்களெல்லாம் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சன்னல் வழியாகப் பார்த்தோம். சுஐபு மூழ்கி மூழ்கி எழுந்து, ஓட்டை வாளி ஒன்றையும், எவர் வீட்டதோ தெரியாத இரண்டு லோட்டாவையும், கடைசியாக ஒரு பித்தளைக் கரண்டியையும் கொண்டுவந்து வைத்தான். காசு சேற்றுக்குள் போய்விட்டது.

கரண்டியை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். உம்மாவும் பார்த்தார். மாமி அதைப் புளி போட்டுத் துலக்கி அடுப்படியில் மாட்டிவிட்டு, "கிணத்துல தானாவா விழும்?" என்று மட்டும் சொன்னார். உம்மா அன்று இரவு சாப்பிடவில்லை. எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கரண்டியைத் திரும்பவும் கிணற்றில் போட்டுவிடலாமா என்று இருந்தது.

பனைமரக் காசு ஒன்று வேண்டும் என்று கரை முழுக்கச் சொல்லி அனுப்பினார்கள். நாலு நாள் யாரும் வரவில்லை. லத்தீபா தினமும் ஒரு தடவை ஏதாவது சாக்கில் வந்து மாலையைப் பார்த்துவிட்டுப் போனாள். வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. "அழுமூஞ்சியா வந்து நிக்காதே, காசு வரும்" என்று மாமி அவளை ஏசினார். அவள் போன பிறகு மாமிக்கே கண் கலங்கியது.

ஐந்தாம் நாள் தங்கச்சிமடத்திலிருந்து கில்பர்ட் வந்தார். அவரை எங்களுக்கு முன்பே தெரியும். வள்ளத்தில் மீன் பிடிக்கிறவர். அவர் மனைவி யாகப்பம்மாள்தான் எங்கள் தெரு வீடுகளுக்குக் கருவாடு கொண்டுவருகிறவர். கில்பர்ட் கொல்லைக் கதவுக்கு வெளியே துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்.

"எப்படி உங்க கைக்கு வந்துச்சு?" என்று மாமி திரைக்குப் பின்னாலிருந்து கேட்டார்.

"எங்க ஆத்தா செபமாலையில தொங்குனது அம்மா. நைலான் வலை வாங்கணும். அதான் கொண்டாந்தேன்."

அவ்வளவுதான் கதை. மாமி என்னைப் பார்த்துத் தலையாட்டினார். இவ்வளவு சின்னக் கதையை அவர் கேட்டதே இல்லை. தட்டைக் கொண்டுபோனேன். காசு விழுந்த சத்தத்தில் மாமியின் முகம் மலர்ந்தது. வளையமும் ஏற்கெனவே இருந்தது, மாட்டினால் போதும்.

தராசில் ஒரு பக்கம் கில்பர்ட்டின் காசையும் மறுபக்கம் மாலையிலிருந்து கழற்றிய காசையும் வைத்தார். கில்பர்ட்டின் பக்கம் ஒரு நெல் அளவு தாழ்ந்தது. உரைகல்லில் இழுத்தார். மாமியின் பவுன் காசு இழுத்த கோட்டைவிட இந்தக் கோடு நல்ல மஞ்சளாக விழுந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. லத்தீபாவிடம் ஓடிப்போய்ச் சொல்லலாம் என்று நான் எழுந்தபோது, மாமி காசைத் திருப்பிப் படத்தைப் பார்த்தார். முகம் சுருங்கியது.

ஓலை இல்லை. வெறும் கம்பு. உச்சியில் துணி மாதிரி ஏதோ ஒன்று தொங்கியது.

"கில்பர்ட்டு, இது போலி" என்றார் மாமி.

"தங்கந்தானே அம்மா?"

"தங்கந்தான். அதுதான் சந்தேகம். எடை கூடுது, மாத்தும் கூடுது. தங்கத்தைக் கூடப் போட்டு ஏமாத்தியிருக்கான் எவனோ."

நான் மாமியைப் பார்த்தேன். தான் சொன்னது அவர் காதிலேயே விழவில்லை. லத்தீபா மேல் இருந்த கவலை எல்லாம் கோபமாகத் திரும்பி, குரல் உயர்ந்தது. மாமி குரல் உயர்ந்தால் முடுக்கு முழுக்கக் கேட்கும். "நம்பிக் கூப்பிட்டா, ஓலையைக்கூட வெட்டத் தெரியாதவன் செஞ்ச போலிக்காசைக் கொண்டாந்து நீட்டுறீக. இந்த மாலையில ஒரு போலி ஏறுனா நான் மௌத்தாப் போனதுக்குச் சமம்" என்றார்.

கில்பர்ட் தட்டிலிருந்து காசை எடுத்து உதட்டில் ஒற்றிக்கொண்டு சட்டைப்பையில் போட்டார். "சாகும்போது ஆத்தா கையில இருந்தது அம்மா. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க. போலின்னு சொல்லாதீக" என்றார். சத்தமே போடவில்லை. அப்படியே போய்விட்டார்.

சாயங்காலம் அஸர் பாங்கு சொல்வதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. கில்பர்ட் வீட்டு ஆட்கள் போலிக்காசு கொண்டுவந்தார்களாம். இனி அவர்களிடம் கருவாடு வாங்கலாமா என்ற பேச்சு வரைக்கும் போய்விட்டது. கருவாட்டில் என்ன போலி செய்ய முடியும் என்று நான் கேட்டேன்.

மறுநாள் காலையில் யாகப்பம்மாள் வந்தார். பெண் என்பதால் முடுக்கு வழியாக நேராக முற்றத்துக்கே வந்து, கருவாட்டுக் கூடையை இறக்கி வைத்தார். எந்த வீட்டிலும் கூடையைத் தொடவில்லை என்பது, ஓலை மூடி கலையாமல் இருந்ததிலேயே தெரிந்தது.

"ஹபீபாம்மா, எம்புட்டு வருசமா இந்தத் தெருவுக்கு வாறேன். ஒரு நாளாவது அழுகுன மீனைக் குடுத்திருக்கேனா?"

"உன்னை யாரு சொன்னா? காசைத்தான் சொன்னேன்" என்றார் மாமி. வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"காசையே பாப்போம்" என்று யாகப்பம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்தார். "உங்க காசையும் எடுங்க. வெயில்ல வச்சுப் பாப்போம். இருட்டுக்குள்ள வச்சுப் பாத்தா எல்லாம் பனைமரமாத்தான் தெரியும்."

மாமியிடம் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. மாமிக்கே அது புதிதாக இருந்திருக்க வேண்டும். மறுபேச்சில்லாமல் மாலையை எடுத்துக்கொண்டு வந்தார். முற்றத்து வெயிலில் தட்டின் மேல் இரண்டு காசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். மூன்று தலையும் அதன் மேல் கவிழ்ந்தன.

"இந்தா, நிக்கிறவரு அர்ச்சியசிஷ்டவரு, எங்க வேதத்துப் புனிதரு. தலையைச் சுத்தி வட்டம் தெரியுதா? மண்டி போட்டிருக்கிறவன் ராசா. சாமி அவன் கையில கொடியைக் குடுக்காரு. எங்க கோவில் திருநாளுக்குக் கொடி ஏத்துவாகளே, அதே மாதிரி கம்பு, துணி, உச்சியில சிலுவை. எங்க மாமியா இதைப் பார்த்துத்தான் தினம் செபம் சொல்லும்" என்றார் யாகப்பம்மாள். பிறகு விரலை மாலைக் காசுக்கு நகர்த்தினார். "உங்கதுல பாருங்க. சிலுவை இருந்த இடத்துல ஓலை முளைச்சிருக்கு. ராசா இடுப்புல கலயம் தொங்குது."

உண்மைதான். சின்ன வயதிலிருந்து பார்த்த அந்தப் பனையேறியின் இடுப்பில் கலயம் இருந்தது. கில்பர்ட்டின் காசில் அந்த இடத்தில் அங்கியின் மடிப்பு.

நான் ஓரத்தைப் பார்த்தேன். பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள். இங்கிலீஷ் எழுத்து தெரியும், அர்த்தம் தெரியாது. கில்பர்ட்டின் காசில் வி, இ, என் என்று ஒவ்வொன்றாக எழுத்துக் கூட்ட முடிந்தது. எங்கள் காசில் மீன்முள் மாதிரி கோடுகள். ஓர் எழுத்தும் இல்லை.

"மாமி, நம்ம காசுல இருக்கிறது துஆ இல்ல. எழுத்தே இல்ல. எழுதப் படிக்கத் தெரியாதவன் எழுத்தைப் பார்த்து வரைஞ்சிருக்கான்" என்றேன்.

மாமி என்னை முறைத்தார். "அப்ப எது அசலு, எது போலின்னு நீ எப்படிச் சொல்லுவே? அவன்தான் ஓலையை விட்டுட்டு வெட்டியிருப்பான்."

யாகப்பம்மாள் மெதுவாகக் கேட்டார். "ஹபீபாம்மா, நேத்து எம் மாப்பிள்ளைகிட்ட ஒண்ணு சொன்னீகளாம். தங்கத்தைக் கூடப் போட்டு ஏமாத்தியிருக்கான்னு. நானும் ராத்திரி முழுக்க யோசிச்சேன். மீனைக் கூடப் போட்டு ஏமாத்துன மீன்காரியை எங்கயாச்சும் பாத்திருக்கீகளா?"

மாமி உரைகல்லை எடுத்துவரச் சொன்னார். தன் மாலையிலிருந்து ஒரு காசைக் கையில் எடுத்தார். மூன்று தலைமுறையாக உரைகல்லைத் தொடாத காசு. பிஸ்மி சொல்லி அதை இழுத்தார். பக்கத்தில் கில்பர்ட்டின் காசால் ஒரு கோடு. கில்பர்ட்டின் கோடு மஞ்சள் கிழங்காக இருந்தது. எங்கள் கோடு சிவந்து, செம்பு கலந்தது தெரிந்தது.

மாமி இரண்டு கோட்டையும் வெகுநேரம் பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. எவ்வளவு ஏசினாலும் அவர் என் மாமி.

"நஃபீசா, தேத்தண்ணி போடு" என்றார் கடைசியில். "கொழும்புக் கோப்பையில ஊத்து."

கொழும்புக் கோப்பை மாமா வரும்போது மட்டும் அலமாரியிலிருந்து இறங்கும். யாகப்பம்மாளுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும்.

"உங்க காசும் தங்கந்தான் அம்மா, பித்தளை இல்ல" என்று யாகப்பம்மாள் ஆறுதலாகச் சொன்னார். "நம்ம பக்கத்துத் தட்டான் எவனோ பார்த்துச் செஞ்சிருக்கான். கம்பு ஒசரமா நிக்குது, கீழ ஒருத்தன் இருக்கான். அந்த ஆளுக்குப் பனையைத் தவிர என்ன தெரியும்? பாவம், கலயத்தையும் மறக்காம வச்சிருக்கான்."

மாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். யாகப்பம்மாளும் சிரித்தார். சிரித்து முடித்து மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "காசைக் குடு, நான் வாங்கிக்கிறேன்" என்றார்.

யாகப்பம்மாள் காசை மறுபடி முந்தானையில் முடிந்தார்.

"நேத்து போலின்னு சொன்னது முடுக்கு முழுக்கக் கேட்டுச்சும்மா. இன்னைக்கு ஒரு வீட்டுலயும் கருவாடு வாங்கல. எம் மாப்பிள்ளை கடலுக்குப் போகாம சுருண்டு படுத்துக் கெடக்காரு. அசலுன்னு சொல்றதும் முடுக்கு முழுக்கக் கேக்கட்டும். அப்புறம் காசை எடுத்துக்கங்க."

மாமியின் சிரிப்பு நின்றுபோனது. சொன்னால் தெருவில் இத்தனை வருடப் பேர் போய்விடும். சொல்லாவிட்டால் லத்தீபாவின் மாலை நடுவில் ஓட்டையோடு போகும். கில்பர்ட் வீட்டில் உலை கொதிக்காது. மாமி கோப்பையிலிருந்த தேத்தண்ணியை முழுக்கக் குடித்தார். எழுந்து முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு முடுக்குக் கதவைத் திறந்து வெளியே போய் நின்றார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"எல்லாரும் கேளுங்க" என்று மாமி குரல் கொடுத்தார். நேற்றைய அதே குரல். கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. "கில்பர்ட்டு கொண்டாந்த காசு அசலு. நாந்தான் பார்க்கத் தெரியாமப் போலின்னு சொல்லிட்டேன். எங்க மாமியா மாலைதான் நம்ம ஊருத் தட்டான் செஞ்சது. தங்கம் மட்டும் உண்மை. அந்தக் கூத்தையா அன்னைக்குச் சொன்னதும் சரி. அவரு காசும் அசலாத்தான் இருந்திருக்கும்."

மாமி உள்ளே திரும்பப் போனவர், நின்றார்.

"கரண்டியையும் எங்க மதினி எடுக்கல" என்றார் அதே சத்தத்தில். "கிணத்துலதான் கெடந்துச்சு."

எங்கள் வீட்டுக் கதவருகே உம்மா நின்றிருந்தார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அழுதாரா சிரித்தாரா என்று இன்று வரைக்கும் சொன்னதில்லை. மத்தியானம் மாமி வீட்டுக்கு உம்மா அனுப்பிய மீன் ஆணத்தில் தேங்காய்ப்பால் தாராளமாக இருந்தது.

முதலில் வாய் திறந்தவர் எதிர்வீட்டு மரியம் லாத்தா. அவர் நிக்காஹிலும் அந்த மாலைதான். "அதுக்கு என்ன, எம் மாப்பிள்ளையும் அப்படித்தான். பார்த்தா ஒரு மாதிரி, உரசுனா ஒரு மாதிரி. வச்சுக் குடும்பம் நடத்தலையா?" என்றார். முடுக்கே சிரித்தது. அன்று யாகப்பம்மாளின் கூடை எங்கள் தெருவிலேயே காலியாகிவிட்டது. மாமி மட்டும் இரண்டு பங்கு நெத்திலி வாங்கினார்.

மாலை கோத்து முடிந்தது. நடுவில் கில்பர்ட்டின் காசு. இரண்டு பக்கமும் பனையேறிகள். லத்தீபா கழுத்தில் போட்டபோது, அவளுக்காகவே செய்தது போலிருந்தது. கில்பர்ட் நிக்காஹுக்கு வந்து ஆண்கள் பக்கம் பிரியாணி சாப்பிட்டார். புதிய வலை வாங்கியாயிற்றாம். "ஆத்தா செபமாலை இனிமே வலையா கடலுக்கு வருது" என்று சுஐபுவிடம் சொல்லிக்கொண்டிருந்தாராம். யாகப்பம்மாள் பெண்கள் பக்கம் மாமிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

பெரியபட்டினத்து மாமியார் வந்தார். வாட்டசாட்டமான பெண்மணி. லத்தீபாவின் முகத்திரையை விலக்கி நெற்றியில் முத்தம் வைத்துவிட்டு மாலையைக் கையில் ஏந்தினார். ஒவ்வொரு காசாக விரல் நகர்ந்தது. நடுக்காசில் நின்றது.

"எல்லாம் ஒண்ணு போல இருக்கு. இது மட்டும் வேற மாதிரி இருக்கே மச்சி. ஓலையே இல்லை" என்று குரலைத் தாழ்த்தினார். "யாரும் உங்களுக்குப் போலியக் குடுத்துட்டாங்களா?"

எங்கள் தெருப் பெண்கள் அத்தனை பேரும் மாமியைத் திரும்பிப் பார்த்தார்கள். யாகப்பம்மாள் மடியிலிருந்த கையை இறுக்கிக்கொண்டார். லத்தீபா தலை குனிந்திருந்தாள். காது மட்டும் சிவந்துபோயிருந்தது. நயா பைசாவைக் கல்லில் போட்டுப் பார்க்கும் மாமி, கரண்டிக்காக மதினியை வருடக்கணக்கில் சந்தேகப்பட்ட மாமி, காசு விஷயத்தில் யாரும் ஒரு வார்த்தை சொல்லப் பொறுக்காத மாமி என்ன சொல்லப் போகிறாரோ என்று நான் அவர் வாயையே பார்த்தேன். இது அசல், மற்றதுதான் போலி என்று ஒரு வார்த்தை விட்டால் போதும். மாமி ஜெயித்துவிடுவார். லத்தீபா ஆயுசு முழுக்க மாமியார் வீட்டில் போலி மாலையோடு வந்த பெண்ணாக இருப்பாள்.

மாமி லத்தீபாவின் முந்தானையைச் சரிசெய்தார். மாலையை அவள் நெஞ்சில் நேராக எடுத்துவிட்டார்.

"அது ஒண்ணுதான் மச்சி, நான் பார்த்து வாங்குனது" என்றார். "மத்ததெல்லாம் பெரியவங்க குடுத்தது."

பெரியபட்டினத்து மாமியார் இரக்கத்தோடு மாமியின் கையைத் தட்டிக்கொடுத்தார். "போகட்டும் மச்சி. எல்லாருக்குமா காசு பார்க்கத் தெரியும்?"

"ஆமா மச்சி" என்றார் என் மாமி.